முன்னூறு வோல்ட்

எஞ்சினை நிறுத்தின பிறகும் மீட்டர் முள் இறங்கவில்லை.

ரஹ்மானுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. நெல்லிவாசலில் மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம். ஃபாரஸ்ட் ஆபீஸ் ஒயர்லெஸ் பெட்டியைப் பழுது பார்க்க வாணியம்பாடியிலிருந்து வந்தவன், அதன் கண்ணாடி வால்வுகளுக்குக் கரண்ட் கொடுத்துப் பார்க்க ஒரு பவர் சப்ளையைத் தானே பலகையில் கட்டியிருந்தான். டிரான்ஸ்பார்மர், ஒரு வால்வு, இரண்டு பெரிய கண்டென்சர். காவல்காரன் முனியன் டீசல் எஞ்சினை அணைத்துவிட்டுப் போய்விட்டான். ஈரக் கோணியும் சூடாறாத வார்னிஷும் கலந்து நாற, ஓட்டில் மழை ஓயாமல் கொட்ட, முள் மட்டும் முன்னூறு வோல்ட்டில் அசையாமல் நின்றது.

கண்டென்சர் கரண்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தெரிந்த சங்கதிதான். அதை வடிக்க ஒரு ரெசிஸ்டன்ஸ் போடுவார்கள். கொண்டுவந்தது ஜீப் குலுங்கலில் முறிந்துபோச்சு, அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டிருந்தான். திருப்புளியால் இரண்டு முனையையும் சேர்த்தான். படாரென்று ஒரு பொறி. முள் விழுந்தது.

மறுபடி எழுந்தது.

மெயின் ஒயரையே பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி முனைகளைச் சேர்த்தான். பொறி. மறுபடி எழுந்தது. வால்வுக்குள் சிவப்பாக ஒரு கங்கு.

"இன்னா எழவுடா இது!"

பயம் தனக்காக இல்லை, பின்பக்கக் கொட்டகையில் சமைத்துக்கொண்டிருந்த அமீனாவுக்காக. கல்யாணமாகி நாலு மாசம், அடம் பிடித்துக் கூடவே மலையேறி வந்தவள், தொட்டுத் தொட்டுப் பேசுகிறவள். எத்தனை தடவை சொல்லியிருப்பான்: "நான் இதுங்கிட்ட நிக்கும்போது மேல கைய வைக்காத. நான் கட்டை மேல நிக்கிறேன், ஒண்ணும் ஆவாது. நீ ஈரத்தரைல வெறுங்கால்ல நின்னு தொட்டா ரெண்டு பேரும் போய்ட்டோம்."

கரண்ட் இருக்கும் இடத்தில் ஒரு கைதான் வேலை செய்யணும், அது தொழில் வழக்கம். அவன் இடது கை ஜிப்பாப் பைக்குள் இருந்தது. அந்தப் பைக்குள், அவன் விரல்களுக்கிடையே, வேறு விரல்கள் நுழைந்தன.

"விடு அமீனா. சொன்னா கேக்க மாட்டியா?"

விரல்கள் இறுகின. சில்லென்று இருந்தன.

"இன்னாங்க, டீ கொண்டாரட்டுமா?"

அமீனாவின் குரல். கொட்டகையிலிருந்து.

திரும்ப முடியவில்லை. வலது மணிக்கட்டையும் ஏதோ பிடித்தது. நிதானமாக. கண்டென்சர் முனையின் மேல் கையைக் கொண்டுபோய் அழுத்தியது. ஷாக் அடிக்கவில்லை. கட்டை மேல் நிற்கிறானே.

யா அல்லா, அவ வரக்கூடாது.

கத்தப் பார்த்தான். நாக்கு ஒட்டிக்கொண்டது. ஈரத்தரையில் சளப் சளப்பென்று வெறுங்காலடி.

"மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துப் போச்சு? பயந்துட்டீங்களா?"

தம்ளரைக் கீழே வைத்தாள். அவன் இடது கை பைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தது. அவன் எடுக்கவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்தன. அவள் பக்கம் நீண்டன.

அவள் சிரித்துவிட்டாள். ஈரக் கையைப் புடவையில் துடைக்கக்கூட இல்லாமல், ஆசையாக நீட்டினாள்.