ஆற்றைக் கடந்தவை

பன்றிகள் சத்தமே இல்லாமல் ஆற்றில் இறங்கின. உசுனுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

காட்டுப்பன்றிக் கூட்டம் ஆற்றைக் கடந்தால் எப்படி இருக்கும் என்று ஆற்றங்கரை ஊரான லோங் செமியாங்கில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர்க்கரைப் புதர்கள் முறியும், குட்டிகள் வீறிடும், கிழட்டு ஆண்பன்றிகள் உறுமிக்கொண்டு ஒன்றை ஒன்று முட்டும், ஊரே ஒரே கூரையின்கீழ் வாழும் நெடுவீட்டின் கடைசி அறையில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான். இன்றோ, துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிர்ந்து பார்த்தபோது நடு ஆறு வரை கறுத்த தலைகள் வந்துவிட்டிருந்தன. தண்ணீர் பிளக்கும் சலசலப்பு மட்டும் கேட்டது.

நடுப்பகல்தான். ஆனால் எங்கோ காடு எரிந்து எரிந்து வந்த புகையில் சூரியன் ஒரு மங்கிய செம்பொட்டாகத் தொங்கியது. எதிர்க்கரை இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சுவர்தான் நின்றது. அந்தக் கரிந்த வாடை சோற்றில் இருந்தது, தலைமுடியில் இருந்தது, இரவில் அணைத்துப் படுத்தால் மகள் பெஜுங்கின் கழுத்து மடிப்பிலும் இருந்தது.

"பன்றி! பன்றிடா!" என்று யாரோ கத்த, ஊரே கரைக்கு ஓடி வந்தது. மலைநெல் கருகிப்போன வருஷம். கறி வாசனை மறந்துபோன வருஷம். படகின் முன்னால் ஈட்டிக்காரன் நிற்பான், பின்னால் துடுப்புப் போடுகிற ஆள் உட்காரும். துங்காவ் ஈட்டியோடு முன்னால் ஏறினான். உசுன் புருஷனுக்குப் பின்னால் உட்கார்ந்து துடுப்பைப் பிடித்தாள்.

"காட்டுல ஒரு பழம்கூட விழல. இதுங்க எதுக்கு இந்தப் பக்கம் வருது?" என்றாள்.

"ஏன், வரவேணாம்னு சொல்லி அனுப்பப் போறியா? வலிடி."

பக்கத்துப் படகில் மெராங் பல்லைக் காட்டினான். "உசுன்! உன் புருஷன் இடுப்பில ஒரு கயிறு கட்டி வெச்சுக்கோ. போன தடவை பன்றி இவனை இழுத்துட்டுப் போகப் பார்த்துச்சு!"

"நீ முதல்ல ஒண்ணைக் குத்திட்டுப் பேசு," என்று மெராங்கின் மனைவி லிரிம் பின்னாலிருந்து துடுப்பால் அவன் காலில் தட்டினாள். எல்லாப் படகிலும் சிரிப்பு. கரையில் பிள்ளைகள் வாழை இலைகளை ஆட்டிக்கொண்டு குதித்தார்கள்.

படகைக் கண்டால் பன்றி விலகித் திரும்பும். துரத்திப் பிடித்து, தோளுக்குப் பின்னால் குத்தி, உடனே ஈட்டியை உருவ வேண்டும். இவை திரும்பவில்லை. முதல் பன்றி நேராகப் படகை நோக்கி வந்தது. தாடி மயிரிலிருந்து தண்ணீர் சொட்ட, அது கழுத்தை உயர்த்தியது. கண்கள் மட்டும் பின்பக்கமாகச் சுழன்று வெள்ளையாய்க் கிடந்தன.

துங்காவ் குத்தினான். அப்போதும் அது கத்தவில்லை. பெருமூச்சு மாதிரி ஒன்றை விட்டுவிட்டு மூழ்கியது.

அடுத்தது. அதற்கடுத்தது. குத்தக் குத்த வந்தன. தேயிலைத் தண்ணீர் நிறத்தில் ஓடும் ஆறு கலங்கிச் சிவந்து, நுரை தட்டி, படகின் விளிம்பில் கொழகொழவென்று ஒட்டியது. சூடான இரும்பு வாடை புகையைத் தாண்டி மூக்கில் ஏறியது. ஒரு தாய்ப்பன்றி தன் குட்டியை மூக்கால் முன்னே தள்ளியது. துங்காவ் குட்டியைக் குத்தும்வரை காத்திருந்தது. பிறகு தானும் வந்தது.

"போதும்," என்றாள் உசுன். "ஊரே தின்னாலும் தீராது. நிறுத்து."

அவனுக்குக் கேட்கவில்லை. தோள்வரை ரத்தம். எந்தப் படகிலும் இப்போது சிரிப்பு இல்லை. ஈட்டி இறங்கும் ஓசையும் ஆண்களின் மூச்சிரைப்பும்தான். நிறுத்த முடியாதவர்கள் மாதிரி குத்தினார்கள். பன்றிகளுக்குப் பின்னால் மான்கள் வந்தன. குட்டியை நெஞ்சில் ஒட்டிய குரங்குகள் வந்தன. ஒரு கரடி வந்தது. ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல், தோளோடு தோள் உரச, ஈட்டிகளை நோக்கி.

பிறகு ஆறு வெறுமையானது.

பூச்சிகூட ஒலிக்கவில்லை. புகை நீர்மட்டத்துக்கு இறங்கியது. உசுனின் துடுப்பிலிருந்து சொட்டுகள் விழுந்தன. சொட்டு. சொட்டு. அதுவும் அதிகச் சத்தமாகப் பட்டு, அவள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுபடி தலைகள்.

மெராங் யோசிக்காமல் ஈட்டியை இறக்கினான்.

"மனுசன்!" உசுன் அலறினாள். "மெராங், அது மனுசன்!"

மெராங் பார்த்தான். அவன் ஈட்டியில் இருந்தவன் எதிர்க்கரையில் உள்ள மேலூர்க்காரன். அறுவடை விருந்தில் மெராங்கோடு ஒரே கிண்ணத்தில் குடித்தவன். குத்துப்பட்டவன் ஈட்டிக் கம்பை இரண்டு கையாலும் பிடித்தான். பிடுங்கவில்லை. இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது.

லிரிம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்னால் மேலூரே வந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் மட்டும். குழந்தை ஒன்றுகூட இல்லை. யாரும் உதவி கேட்கவில்லை. ஆளுக்கொரு படகைப் பார்த்து நீந்தி வந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தைக் காட்டினார்கள்.

உசுனின் படகைப் பிடித்த கையில் ஒரு விரல் குறைந்திருந்தது. ரம்பத்தில் போன விரல். அவளுடைய அண்ணன் பிலுங். பெண்ணெடுத்து மேலூருக்கே குடிபோனவன்.

"அண்ணா! ஏறு. ஏறிக்கோ, அண்ணா."

பிலுங் அவளைப் பார்க்கவில்லை. "மாப்ளே, குத்திடு."

"என்ன பேசுறீங்க? என்ன வருது பின்னால?" துங்காவ் கத்தினான்.

"சொல்ல நேரமில்ல. பெத்ததைக் கொல்ல எங்களுக்கு மனசு வரல, மாப்ளே. பிள்ளைங்களை அப்படியே விட்டுட்டு ஓடி வந்துட்டோம்." அவன் பற்கள் அடித்துக்கொண்டன. "அதுங்க இன்னும் சாகல. இன்னும் கத்துதுங்க. கேக்கலையா உனக்கு?"

உசுன் காது கொடுத்தாள். புகைக்கு அப்பால், வெகு தூரத்தில், கொசு ரீங்காரம்போல மெல்லிய ஒலி. பல குரல்கள். மூச்சு வாங்க நிற்காத குரல்கள்.

"நீங்க அப்படி விட்டுடாதீங்க," என்றான் பிலுங். பிறகு கெஞ்சினான். "மாப்ளே. உன் காலைப் பிடிக்கிறேன்."

துங்காவ் அழுதுகொண்டே குத்தினான்.

விரல் குறைந்த கை படகிலிருந்து வழுகிப்போனது. உசுன் கத்தினாள். கத்துவது தனக்கே கேட்கவில்லை. சுற்றிலும் ஈட்டிகள் இறங்கின. ஏறின. இறங்கின. ஆற்றில் மிதந்த உடல்கள், பன்றியும் மனிதரும் கலந்து, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கீழே நகர்ந்தன.

பிறகு அவை நகர்வதை நிறுத்தின. நீரோட்டம் நின்றுவிட்டிருந்தது.

எதிரே புகை கிழிந்தது. துங்காவின் முதுகு மறைத்ததால் உசுனுக்கு எதுவும் தெரியவில்லை. அவன் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். அவன் கால்களுக்கிடையே மூத்திரம் வழிந்து படகில் தேங்கியது. பிறகு மெல்லத் திரும்பினான். அழுகை நின்று முகம் துடைத்தாற்போல இருந்தது.

"படகைத் திருப்பு."

"எங்க?"

"வீட்டுக்கு."

"அப்ப ஈட்டியைக் கீழ போடு."

அவன் போடவில்லை. "உசுன், நேரமில்ல. திருப்பு."

"மாட்டேன்." அவள் துடுப்பை நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். "என்னைக் கொன்னுட்டுப் போ. நான் திருப்ப மாட்டேன். அங்க பெஜுங் நிக்கிறா. கடவுளே, பிள்ளைங்க எல்லாம் நிக்குதுங்க!"

துங்காவ் அவளுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தான். அவ்வளவுதான். அவன் உட்கார்ந்ததும் எதிர்க்கரை தெரிந்தது.

அவள் பார்த்தாள்.

எல்லாப் படகுகளும் திரும்பின. முன்னால் ஈட்டிகள் நின்றன. பின்னால் பெண்கள் ஒரே சீராக வலித்தார்கள். கரையில் பிள்ளைகள் கறி வருகிறது என்று ஆர்ப்பரித்து, முழங்கால் தண்ணீர்வரை இறங்கி, கைகளை நீட்டினார்கள். பெஜுங் எல்லோருக்கும் முன்னால் நின்று, "அம்மா! அம்மா!" என்று குதித்தாள்.

உசுன் உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் துடுப்பை வலித்தாள். மற்ற படகுகளை முந்தினாள். பின்னால் தண்ணீர் பிளக்கும் ஓசை நெருங்கிக்கொண்டிருந்தது.