மூன்றாம் நாள் தாகம்

பகலெல்லாம் எரித்த கதிரவன் மேற்குக் குன்றுகளுக்குப் பின்னே சாய, பெண்ணையாற்றின் மணல்மேடுகள் பொன்னை உருக்கி வார்த்தவை போல் ஒளிர்ந்த அந்த மாலை வேளையில், கொடுங்கல் கோட்டையை முற்றுகையிட்டிருந்த பாசறையின் கரையோரக் கூடாரத்துக்குள் வாசகர்களை அழைத்துச் செல்கிறோம். அங்கே தூணில் பிணிக்கப்பட்டு நிற்பவன் எயினன், கோட்டைக் காவலர் தலைவன். அவன் சிறைப்பட்டு மூன்று நாட்களாகின்றன. மூன்று நாளும் அவன் நாவில் ஒரு துளி நீர் படவில்லை. ஆறு ஓடும் ஓசை மட்டும் ஓயாமல் செவியில் விழுந்துகொண்டிருந்தது.

கோட்டைக்குள் செல்லும் சுரங்கத்தின் வாயிலை அவன் அறிவான். பகைத் தளபதி கடுங்கோடனுக்கு வேண்டியதும் அதுவே. சவுக்கடியால் பயன் விளையாது போகவே, தன் மாளிகையில் ஓராண்டாக யாழ் மீட்டி வந்த இளம்பிச்சியை அவனிடம் அனுப்பிவிட்டு, காவலர்களையும் தள்ளி நிற்கச் சொன்னான்.

வெட்டிவேர் மணந்த குளிர்நீர்க் கிண்ணத்தை அவன் உதட்டருகே நீட்டினாள் அவள்.

"சுரங்க வாயில் எங்கே? சொல்லிவிட்டுப் பருகும்."

"எடுத்துச் செல்."

"பத்து ஊர்களுக்குத் தலைவராக்குவதாகத் தளபதி வாக்களித்திருக்கிறார். நீர் விரும்பினால், நானும் உம்முடன் வருவேன்."

"உன் தளபதி உன்னையும் விலை பேசிவிட்டாரா? வெட்கமாயில்லையா உனக்கு?"

அவள் கண்கள் சிவந்தன. "நா வெடித்துக் கிடக்கும்போதும் செருக்குக் குறையவில்லை. இன்னும் எத்தனை நாள் தாங்குவீர்?"

"நாட்களை நான் எண்ணுவதில்லை. அடுத்த நாழிகைப் பறை ஒலிக்கும்வரை வாய் திறப்பதில்லை என்று மட்டுமே உறுதி கொள்வேன். ஒலித்ததும் மறுபடி அதே உறுதி. தாகமும் குதிரைப்படை போலத்தான் பெண்ணே. பாய்ந்து வரும்போது உலகமே முடிந்தது போலிருக்கும். அசையாமல் நின்றால் தானே திரும்பிப் போகும். பிறகு மீண்டும் வரும்."

சொல்லி முடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். இளம்பிச்சி கிண்ணத்து நீரைத் தரையில் கவிழ்த்தாள்.

"இதில் நஞ்சு கலந்திருந்தது," என்றாள் தாழ்ந்த குரலில். "நான் கொடுங்கல் அரசியாரின் ஒற்று. நீர் மனம் தளர்ந்து சுரங்க வாயிலைச் சொல்லியிருந்தால், அந்தச் சொல் என் செவியோடு நிற்க வேண்டும் என்பது அவர் கட்டளை."

எயினனின் முகம் கறுத்தது. "பன்னிரண்டு ஆண்டு அந்த வாயிலைக் காத்தேன். என்னையா ஐயுற்றார்?"

"மனிதர் எவரையும் அவர் ஐயுறுவார். என்னையும்தான்." கூந்தலிலிருந்த குறுவாளை எடுத்துக் கட்டுகளை அறுத்தாள். "கூடாரத்தின் பின்புறம் ஆறு. நீர் தப்பிச் செல்லுமுன் என்னை இத்தூணில் கட்டும். தளர்வாகக் கட்டினால் தளபதி என்னை நம்பமாட்டார்."

அவன் இரக்கமின்றி இறுக்கிக் கட்டினான். அவள் மணிக்கட்டில் கயிறு பதிந்து குருதி கசிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒன்றை நீ அறிய வேண்டும்," என்றான் எயினன். "நேற்று நண்பகலில் நீ வந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். என் மனம் உடைந்து கிடந்தது. கேட்க எவரும் வரவில்லை, அவ்வளவுதான்."

இளம்பிச்சி திகைத்து நிமிர்ந்தாள்.

"ஆகவே ஆணையிட்டுச் சொல்கிறேன். கோட்டைக்குள் கால் வைத்ததும் அந்தச் சுரங்கத்தைக் கல்லிட்டு அடைப்பேன். அரசியார் தடுத்தால் அவரையும் எதிர்ப்பேன். எனக்குப் பின் இத்தூணில் கட்டப்படுபவனிடம், சொல்வதற்கு ஒன்றும் இருக்கக் கூடாது."

திரையைக் கிழித்துக்கொண்டு அவன் ஆற்றில் இறங்கினான். முதல் மிடறு தொண்டையில் இறங்க மறுத்து வெளியே வழிந்தது. இரண்டாவதை விழுங்கிவிட்டு, கோட்டையை நோக்கி நீந்தத் தொடங்கினான்.