நிச்சயப் புடவையோடு வந்தது

மழையில் மூழ்கிய சம்பாப் பயிரைக் கணக்கெடுக்கும் தற்காலிக வேலைக்காகச் செழியன் கீழ்வேளூர் வந்து இறங்கியபோது, அவனுக்குக் கிடைத்த தங்குமிடம் மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையின் மாடி அறை. பாதிப் படி ஏறும்போதே நாற்றம் எதிரே வந்து வரவேற்றது. புளித்த தவிடு, பெருச்சாளி மூத்திரம், எப்போதோ அவித்து யாரும் காயவைக்காமல் விட்டுப்போன நெல். சுவரில் பாசி ஈறுபோல வீங்கியிருந்தது. அறையில் ஏற்கெனவே குடியிருந்த கல்லூரித் தோழன் ரெமிஜியஸ், "மூணு நாள்ல மூக்கு செத்துரும்டா. அப்பறம் சொர்க்கம்தான்" என்றான்.

மூக்கு சாகவில்லை. அதற்குள் தொடை போய்விட்டது.

நாள் முழுக்க முழங்கால் சேற்றில் ஈரக் கால்சட்டையோடு நின்றதில், இரண்டு தொடையிடுக்கிலும் பக்கத்துக்கு ஒரு வட்டப் படர்தாமரை. ஓரம் சிவந்து, நடுவில் செதில் உதிர்ந்து, தினமும் காலையில் ஒரு நூல் அகலமாகியிருந்தது. தை மாதம் அவனுக்கு நிச்சயதார்த்தம். பெண் செம்மொழி, இதே கீழ்வேளூர்க்காரி, நாகப்பட்டினத்தில் நர்ஸ். பேருந்து நிலையத்துப் பக்கம் இருந்த மருந்துக்கடையோ அவளுடைய சித்தப்பா கடை. வருங்கால மாப்பிள்ளை அங்கே போய் நின்று, "மாமா, இடுக்குக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்க முடியாது.

எனவே ஒரு பிற்பகல், ரெமிஜியஸ் குளிக்கப் போன நேரம் பார்த்து, பொருள் விற்கும் தளம் ஒன்றைப் போனில் தடம் பதியாத மறைவுப் பக்கத்தில் திறந்தான். பெயர் கொடுக்கவில்லை, எண் கொடுக்கவில்லை. இரண்டே நிமிடம் களிம்புகளைப் பார்த்தான். அவற்றின் படங்களே குமட்டின. வாங்காமல் மூடிவிட்டான்.

கீழே, இருண்ட ஆலைக்குள், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

பெருச்சாளி, என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் அம்மாவுக்கு மிக்ஸி பார்க்க அதே தளத்தைத் திறந்தான். மிக்ஸிக்குப் பக்கத்தில் ஒரு தொடை. அதன் கீழே: "மீண்டும் வருக! அரிப்பு எப்படி இருக்கிறது?"

தேடல் வரலாற்றை அழித்தான். தளம் போனில் விட்டுவைத்த குக்கியை அழித்தான். செயலியையே தூக்கினான். புது மின்னஞ்சலில், ராசம்மாள், வயது அறுபத்தொன்று என்று புதுக் கணக்கு தொடங்கினான். தளம் ராசம்மாளை வணக்கம் சொல்லி வரவேற்று, ராசம்மாளின் தொடையை நலம் விசாரித்தது.

"என் ஃப்ரெண்டு ஒருத்தன் கேக்குறான்டா" என்று ரெமிஜியஸிடம் ஆரம்பித்தான்.

"உன் ஃப்ரெண்டு ரெண்டு வாரமா கால அகட்டி அகட்டி நடக்குறான். சொல்லு."

சொன்னான். கணினி படித்த ரெமிஜியஸ் சிரிக்கவில்லை. "அந்தத் தளத்துக்கு உன் பேரே வேணாம்டா. திரை எத்தனை புள்ளி, எந்தெந்த எழுத்துரு வச்சிருக்க, பேட்டரி எவ்ளோ, ஒரு கோடு போடச் சொன்னா உன் போன் எப்படிப் போடுது, எல்லாத்தையும் உனக்குத் தெரியாம நக்கிப் பாத்துக்கும். சேத்துப் பாத்தா ஒரு வாடை. அந்த வாடை உன் போனுக்கு மட்டும்தான். குக்கிய அழிக்கிறது சட்டைய மாத்துற மாதிரி. உடம்பு நாத்தம் எங்க போவும்?"

அன்று மாலை உறிஞ்சல் படிக்கட்டில் கேட்டது. ஈரமாக, நிதானமாக, ருசி பார்ப்பதுபோல.

அடுத்த வாரம் நிச்சயப் புடவை எடுக்க வேண்டியிருந்தது. அதை மாப்பிள்ளை வீடுதான் எடுக்கும். பெண்ணுக்குப் பிடித்ததாக இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். செழியன் அதே தளத்தில் தேன் நிறத்தில் ஒன்றைப் பார்த்து, அதன் இணைப்பைத் தன் போனிலிருந்து செம்மொழிக்கு அனுப்பினான். பத்தே நிமிடத்தில் அவள் அழைத்தாள்.

"என்னங்க, புடவை சூப்பரா இருக்கு. ஆனா..."

"ஆனா?"

"அதுக்குக் கீழ 'உங்கள் துணைவருக்கு'ன்னு போட்டு ஒரு தொடை வருதுங்க."

"விளம்பரம்தானே. எல்லாருக்கும் வரும்."

"அப்பா போன்ல தேடி அதே புடவையப் பாத்தேன். அதுல வரல. நீங்க அனுப்புன லிங்க்ல மட்டும்தான் வருது." அவள் குரல் தாழ்ந்தது. "ஏதாவது இருந்தா சொல்லிடுங்க. நான் நர்ஸு, இதவிட மோசமானதெல்லாம் கழுவி விட்ருக்கேன். மறைச்சா மட்டும் எனக்குப் புடிக்காது."

"ஒண்ணுமில்ல செம்மொழி. சத்தியமா."

கேட்டுக்கொண்டிருந்த ரெமிஜியஸின் முகம் கோணியது. "டேய், நீ அனுப்புற லிங்க்குக்கு உன் அடையாளம் ஒட்டுன ஒரு வால் உண்டு. அந்த வாலப் புடிச்சிக்கிட்டு அது அவ வீட்டுக்குப் போயிருக்கும்."

அன்றிலிருந்து ஆலையில் உறிஞ்சல் இல்லை.

செழியன் மாதக் கணக்கில் தூங்காதவன்போல அடித்துப்போட்டுத் தூங்கினான். ஐந்தாம் நாள் செம்மொழி பேச்சுவாக்கில் சொன்னாள். "எங்க கொல்லையில பெருச்சாளி வந்திருக்குங்க. பொழுதுபோனா யாரோ மூக்க உறிஞ்சுற மாதிரியே ஒரு சத்தம்."

பொறி வைக்கச் சொன்னான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

தளத்தில் வாங்கிய அந்தத் தேன் நிறப் புடவையின் பெட்டி நிச்சயத்தன்று காலையில்தான் வந்து சேர்ந்தது. பிரிக்க நேரமில்லாமல், ஒட்டிய நாடாவோடே மூலையில் குங்குமம் வைத்துத் தாம்பாளத்தில் ஏற்றினாள் அம்மா. செம்மொழி வீட்டுக் கூடத்தில் நாற்பது பேர். மல்லிகையும் பன்னீரும் மணத்தன. அவற்றுக்கு அடியில், மெல்லிசாக, புளித்த தவிடு.

சித்தப்பா நாடாவை அறுத்தார். புடவையை உதறிப் பிரித்தார்.

மடிப்பிலிருந்து ஒரு குழாய் உருண்டு வெற்றிலைமேல் விழுந்தது.

மருந்துக்கடைக்காரர் அல்லவா, எடுத்ததும் கண்ணாடியை ஏற்றிச் சத்தமாகவே படித்தார். "படர்தாமரைக் களிம்பு. இலவசம். மூன்றாவது வட்டத்துக்கு... பிடரியில் தடவவும்."

செழியனின் காது கொதித்தது. பிறகுதான் உறைத்தது: தன்னிடம் இருப்பவை இரண்டு. பிடரியில் ஒன்றுமே இல்லை. பாழாய்ப்போன அந்த நிம்மதியில் வாயைத் திறந்தான்.

"இது எனக்கில்லீங்க மாமா."

சொல்லிவிட்டு நிமிர்ந்தான்.

எதிரே செம்மொழியின் கை, பின்னலை விலக்கிக்கொண்டு, பிடரிக்குப் போயிருந்தது.

இதுவரை அவள் விரல்நுனியைக்கூட அவன் தொட்டதில்லை.

"நேத்துதான் வந்துச்சு" என்றாள் அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "யாருகிட்டயும் சொல்லல. போன்லகூடத் தேடல." அவள் கண்கள் அவன் தொடைக்கு இறங்கி, மறுபடி அவன் முகத்துக்கு வந்தன. "ஒண்ணுமில்லன்னு சத்தியம் பண்ணீங்களே."

செம்மொழி புடவையைத் தொடாமல் எழுந்து உள்ளே போனாள். அவள் உட்கார்ந்திருந்த பாய் வெறுமையாகக் கிடந்தது.

அந்த வெறும் பாயிலிருந்து, ஈரமாக, நிதானமாக, யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.