பதினான்காம் இடத்தில் கை காட்டியவர்

2019 அக்டோபர் 19 அன்று மாலை, அயோவா மாநிலம் லிண்டர் கவுண்டியின் ஹெரான் பெண்ட் பூங்காவில், பதினான்காம் எண் முகாமிடத்தில் பின்னோக்கி வந்த, கேம்பர் எனும் சக்கர வீட்டு வண்டிக்கும் மின்கம்பத்துக்கும் இடையில் சிக்கி, பூங்காவின் முகாம் காவலர் டெல்மர் ஸ்கோக் இறந்தார். அவருக்கு வயது எழுபத்தொன்று.

நான்கு ஆண்டுகள் கழித்து, அங்கிருந்து வெகுதூரத்தில் ஒரு பண்ணை வீட்டுச் சமையலறையில், ட்வைலா ப்ரூக்மன் கணினியைத் திறந்துவைத்து அதே பூங்காவில் இடம் தேடிக்கொண்டிருந்தாள். டெல்மர் ஸ்கோக்கின் பெயரை அவள் கேள்விப்பட்டதில்லை. இலைகள் சிவக்கும் அக்டோபர் கடைசிக்கு எல்லா இடங்களும் வசந்தத்திலேயே போய்விட்டிருந்தன. ஒன்றைத் தவிர.

"பதினாலு காலியா இருக்கு. ஆத்தங்கரை ஓரம்."

"ஆத்தங்கரையில காலியா?" அவள் கணவன் ஆர்லோ காபியை ஊதினான். "அப்ப கக்கூசுக்குப் பக்கத்துல இருக்கும்."

"இல்ல, அது அந்தக் கோடியில."

"அப்ப நமக்கு நல்ல நேரம். சட்டுனு எடு, எவனாவது கொத்திட்டுப் போயிடப் போறான்."

எடுத்தாள்.

சிக்கல் இடத்தில் இல்லை, ஓட்டுவதில் இருந்தது. ஆகஸ்டில் ஆர்லோவின் விழித்திரையில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. இந்த ஆண்டு முழுக்க ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கல்யாணமான நாள் முதல் பிக்கப் வண்டியை அவன்தான் ஓட்டுவான். அதன் பின்னால் கொளுவிய கேம்பரை இடத்தில் சேர்க்க, அவள் பின்னால் நின்று கை காட்டுவாள். இந்த முறை அவள் ஓட்ட வேண்டும், அவன் கை காட்ட வேண்டும். தேவாலயத்து வாகன நிறுத்தத்தில் ஞாயிறுதோறும் பழகினார்கள்.

"இடதுன்னா உன் இடதா, என் இடதா?" என்று அவள் ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"வண்டியோட இடது!"

"வண்டிக்கு ஏதுய்யா இடது? நீ கை காட்டுறதப் பாத்தா ஈ ஓட்டுற மாதிரி இருக்கு."

"இத்தன வருஷமா நீ காட்டினது மட்டும் என்னவாம்? கொசுதானே ஓட்டின!"

ஆனால் ஒரு விதியில் இருவருக்கும் சண்டை இருந்ததில்லை. கண்ணாடியில் கை காட்டுகிற ஆள் தெரியவில்லையென்றால், அந்த நொடியே நிறுத்த வேண்டும். அந்த விதி அவர்களை எத்தனையோ மரங்களிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

அவர்கள் பூங்காவுக்குள் நுழைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் அறுவடை இயந்திரம் சோளக்கொல்லையைத் தின்றுகொண்டிருக்க, அதன் புழுதி ஆற்றின் மேல் மஞ்சளாகத் தொங்கியது. மற்ற இடங்களில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். எங்கோ சாசேஜ் வாட்டும் வாசனை. பதினான்காம் இடத்தில் மட்டும் வேறு வாடை. உதிர்ந்து அழுகிய வால்நட் தோலும் ஆற்றுச் சேறும் கலந்த, ஈரமான, கறுத்த வாடை.

ஆர்லோ இறங்கி வலப்பக்கமாகப் பின்னால் போனான். "மெதுவா வா தாயே. மின்கம்பம் இருக்கு. நான் சொல்றத மட்டும் கேளு."

"என்னைக்குக் கேக்காம இருந்தேன்?"

அவள் ரிவர்ஸ் போட்டாள். வலக் கண்ணாடியில் ஆர்லோ. இரு கைகளாலும் காற்றைக் கலக்கிக்கொண்டிருந்தான். எந்தப் பக்கம் என்று புரியவில்லை. அவள் இடக் கண்ணாடியைப் பார்த்தாள்.

அங்கே ஒரு கிழவர் நின்றிருந்தார்.

ஆரஞ்சு நிற மேல்சட்டை, குறுக்கே வெள்ளிப் பட்டைகள், வெளுத்த தாடி. ஒவ்வொரு பூங்காவிலும் இப்படி ஒருவர் உண்டு. கோடை முழுக்க அங்கேயே தன் வண்டியில் தங்கி, வருகிறவர்களை இடத்தில் சேர்த்துவிடும் முகாம் காவலர். ட்வைலாவுக்கு மூச்சு வந்தது. அவர் கை காட்டிய விதமே தனி. இரு உள்ளங்கைகளையும் தன் மார்பை நோக்கி மெல்ல மெல்ல மடக்கினார், கன்றுக்குட்டியைத் தொட்டிக்கு அழைப்பதுபோல.

வா. வா.

அவள் வந்தாள்.

வலக் கண்ணாடியில் ஆர்லோ இரு கைகளையும் குறுக்கே வைத்தான். நிறுத்து என்று அர்த்தம். இடக் கண்ணாடியில் கிழவர் அழைத்துக்கொண்டே இருந்தார். கண் சரியில்லாதவன் ஒரு பக்கம், இதையே வேலையாகச் செய்பவர் ஒரு பக்கம். 

அவள் இடக் கண்ணாடியைப் பார்த்தே ஓட்டினாள்.

வலக் கண்ணாடியிலிருந்து ஆர்லோ மறைந்தான். கை காட்டுகிற ஆள்தான் இடக் கண்ணாடியில் தெரிகிறாரே என்று அவள் நிறுத்தவில்லை.

கேம்பரின் பின்சுவரில் யாரோ தட்டினார்கள். பட், பட், பட். கோபம் வந்துவிட்டது இவனுக்கு, என்று நினைத்தாள். தட்டட்டும்.

வா. வா.

தட்டல் வேகமானது. பிறகு தட்டலாக இல்லை, பிறாண்டலாக இருந்தது.

கிழவருக்கு நன்றி சொல்லும் விதமாக அவள் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல்களைத் தூக்கினாள். அந்த வட்டாரத்துச் சாலைகளில் முன்பின் தெரியாதவன்கூட அதற்குப் பதிலாக விரல் தூக்குவான். தகப்பனைப் புதைத்துவிட்டுத் திரும்புகிறவனும் தூக்குவான்.

கிழவர் தூக்கவில்லை.

அவர் கேம்பரையும் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பின்விளக்கின் சிவப்பு புல்மேல் பரவியது, வால்நட் மரத்தின் அடியில் பரவியது. வெளிச்சம் பட்டால் பளீரென மின்ன வேண்டிய வெள்ளிப் பட்டைகள் மட்டும் இருண்டே கிடந்தன.

அப்போதும் அவர் கை மடக்கிக்கொண்டிருந்தார்.

"ட்வைலா..." ஆர்லோவின் குரல், காற்று இறங்கிய டயர்போல, வண்டிக்குப் பின்னாலிருந்து வந்தது. "முன்னால போ... முன்னால..."

முன்னால் நகர்த்திவிட்டு ஓடினாள். கேம்பரின் பின் ஏணியில் அவன் கோட்டு சிக்கித் தொங்கியது. மின்கம்பத்தடியில் அவன் ஒருக்களித்துக் கிடந்தான். இடுப்பு இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை.

"கைய குறுக்க வெச்சேனே... தட்டினேனே... நீ யாரப் பாத்து வந்த?"

"இந்தப் பக்கம் நின்னாரே, ஆரஞ்சு சட்டை..."

"இங்க நான் மட்டும்தான் இருந்தேன், ட்வைலா."

ஆம்புலன்ஸோடு வந்த ஷெரீப் அலுவலகத்து இளைஞன் அவள் சொன்னதைக் கேட்டான். "தாடி இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றதும் தொப்பியைக் கழற்றிவிட்டு டெல்மர் ஸ்கோக்கைப் பற்றிச் சொன்னான். அவருக்குப் பிறகு அந்த வேலைக்கு யாரும் வரவில்லை.

ஆர்லோ பிழைத்தான். இடுப்பில் எஃகு வைத்தார்கள். கைத்தடியோடு நடந்தான். கைத்தடியைத் தரையில் தட்டி, "இப்பவாவது கேக்குதா?" என்று அவளைக் கிண்டலும் செய்தான். காரணம் இடம்தான், வண்டி இல்லை என்று இருவரும் பேசி முடிவுக்கு வந்தார்கள். ஏப்ரலில் கேம்பரை விற்றார்கள். வாங்கியது பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியன் கோல்பி ஹார்ம்ஸ். மனைவி ஜென்னா, கையில் குழந்தை. நடந்ததை அவர்களிடம் சொல்லவில்லை.

வண்டி போன அன்று மாலையே கோல்பி தொலைபேசியில் அழைத்தான். பின்னணியில் எஞ்சின் சத்தம்.

"ஒண்ணுமில்லம்மா, டயருக்கு அடியில வைக்கிற கட்டை எங்க இருக்குன்னு கேக்கலாம்னுதான். ஜென்னா வண்டிக்குப் பின்னால தேடிக்கிட்டு இருக்கா. நான் மெதுவா வண்டிய வீட்டு ஓரமா ஏத்திடறேன்."

"அவ வெளிய வரட்டும்பா. கண்ணாடியில அவ தெரியறாளா?"

"அவ தெரியல. ஆனா கவலப்படாதீங்க, பக்கத்து வீட்டுக்காரர் போல, பெரியவர் ஒருத்தர் அழகா கை காட்டிக்கிட்டு இருக்கார்."

ட்வைலாவின் கையிலிருந்த துணி தரையில் விழுந்தது.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவருக்கு நீ விரல் தூக்கினியா?"

"தூக்கினேனே."

"அவர் திருப்பித் தூக்கினாரா?"

எஞ்சின் உறுமியது.

"இல்லம்மா," என்றான் கோல்பி. "அதான் எனக்கும் ஒரு மாதிரி..."

"நிறுத்து! பிரேக்க மிதி! மிதி!"

டயர் சரளைக்கல்லில் தேய்ந்தது. பிறகு ஒரு பெண்ணின் குரல், தொலைவிலிருந்து, எரிச்சலோடு: "ஏய், என்னய்யா, என் மேல ஏத்திக் கொல்லப் பாக்குறியா?"

ட்வைலா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நின்னுட்டேன்மா." கோல்பியின் குரல் இப்போது மிகத் தாழ்ந்திருந்தது. "அவ நல்லா இருக்கா. ஆனா அவர் இன்னும் வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கார்."

கேம்பர் அன்று நின்ற இடத்திலேயே, கோல்பி ஹார்ம்ஸின் வீட்டு ஓரமாக, பாதி ஏறிய நிலையில் நிற்கிறது. அதை இழுத்துப் போக இதுவரை யாரும் வரவில்லை.