ஆஸ்பத்திரித் தீட்டு

"அடி பாவி! என் கண்ணுல என்னத்தடி விட்டே?"

விடிந்தும் விடியாமல் அந்த மயிலாப்பூர் வீடு கிடுகிடுத்தது. ஆஸ்பத்திரியில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு வீடு வந்த மூன்றாம் நாள், மாமியார் தர்மாம்பாளின் வலது கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்து வீங்கிக் கிடந்தது.

"மருந்து விட்டது நீதானே?" என்று மனைவி மேல் பாய்ந்தான் மகன் பத்ரிநாராயணன். "அம்மா கண் போச்சுன்னா, அன்னிக்கே நீ உன் பொறந்தாத்துக்குப் போயிடணும்!"

மருமகள் காமாக்ஷி பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரித் தீட்டு என்று கண் கட்டை அவிழ்த்தெறிந்து, கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டது யார்? பார்த்துவிட்ட மருமகளிடம், "யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்னு உன் தாலி மேல சத்தியம் பண்ணுடி" என்று சத்தியம் வாங்கிக்கொண்டது யார்? இன்றைக்குப் பழி மட்டும் இவளுக்கு!

டாக்டர் வந்தார். "கண்ணுக்குள்ளே ரணமாயிருக்கு. தண்ணி பட்டுதா?"

"சொட்டுக்கூட இல்லே!" என்றாள் தர்மாம்பாள், கூசாமல்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் சொட்டு மருந்து, ஒத்தடம்; காய்ச்சலை வரவழைத்து ரணத்தை ஆற்ற, இடுப்பில் காய்ச்சிய பால் ஊசி. தவறினால் பார்வை போய்விடும் என்றார் டாக்டர்.

"அவ கையால வேண்டாம்!" என்று கத்தினாள் தர்மாம்பாள்.

"நான்தான் விடுவேன்," என்றாள் காமாக்ஷி. இந்தக் கண் பிழைக்கணும்... நான் வாசல்படி இறங்கறதை இது பார்க்கணும்! அந்த ஆங்காரத்தில்தான் பதினைந்து நாளும் தூங்காமல் விழித்தாள். ஊசிக் காய்ச்சலில் கிழவி பிதற்றியபோதும் ஒத்தடம் நிற்கவில்லை.

பதினாறாம் நாள், டாக்டர் போட்டிருந்த கட்டு அவிழ்ந்தது. தர்மாம்பாள் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தாள். மகன் முகம் தெரிந்தது. அப்புறம் வாசலில் டிரங்குப் பெட்டியோடு மருமகள்!

"எங்கேடி போறே?"

"கண் தெரியறதோன்னோ? நன்னாப் பாருங்கோம்மா. கண் போனா என்னைப் போகச் சொன்னார் உங்க பிள்ளை. கண் வந்தாச்சு, நானே போறேன். உங்களுக்குப் பண்ணின சத்தியத்தை மட்டும் இன்னும் மீறலே."

கிழவி உடைந்தாள். "பத்ரி... நான்தாண்டா கட்டை அவிழ்த்துட்டுத் தலைக்குத் தண்ணி விட்டுண்டேன்! அவ நிரபராதிடா..."

"அழாதேங்கோ, கண்ணுக்கு ஆகாது," என்றாள் காமாக்ஷி. குரலில் ஈரமே இல்லை.

"காமு... என்னை மன்னிச்சுடு!" பத்ரி கையை நீட்டி வழி மறித்தான். அந்தக் கையில் மருந்துக் குப்பியை வைத்தாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். இனிமே நீங்க விடுங்கோ. கண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா, யாரைக் கேக்கறதுன்னு யோசிக்க வேண்டாம்."

அவளை ஏற்றிக்கொண்டு ஜட்கா வண்டி எழும்பூர் ரயிலடிப் பக்கம் திரும்பியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.