போவதற்கு முன் ஒரு சோதனை

"தொடாதீங்க அண்ணி! குழந்தையைத் தொடாதீங்க!"

நாத்தனாரின் அலறலில் சீப்பு அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. ஒரு பின்னல் முடிந்திருந்தது. இன்னொரு பக்கம் கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. அந்தக் கோலத்திலேயே தன் குழந்தையை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள் நாத்தனார். "இன்னொரு பின்னல்... இன்னொரு பின்னல்!" என்று குழந்தை வீரிட்டது.

அவள் சீப்பைக் குனிந்து எடுத்தாள். எட்டு மணிக்குள் தையல் ஆலைக்குப் போயாக வேண்டும்.

எல்லாம் ஒரு மாதத்துக்கு முன் ஆரம்பித்தது. சாப்பாட்டு நேரத்தில் ஆலைக்கு ஒரு நர்ஸ் வந்தாள். வெயிலோ மழையோ, கையில் குடை இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. குடை நர்ஸ் என்றே பெயர். ஹெபடைடிஸ் சி என்று ஒரு கிருமி உண்டு, ரத்தத்தின் வழியாக உடம்பில் நுழையும், வலியோ காய்ச்சலோ காட்டாமல் வருஷக்கணக்காக ஈரலை அரிக்கும் என்று படம் காட்டிப் பேசினாள். "விரல் நுனியில ஒரு சொட்டு ரத்தம் போதும். யார் முதல்ல வர்றீங்க?" என்று கேட்டாள். நூறு பெண்கள் இருந்தும் ஒருத்தியும் அசையவில்லை. பாவம், எப்படித் தனியாக நிற்கிறாள் என்று மனசு கேட்காமல்தான் இவள் எழுந்து போய் விரலை நீட்டினாள்.

இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி பார்த்தும் உறுதியாயிற்று. மாத்திரை உண்டு, மூன்று மாதத்தில் பெரும்பாலும் குணமாகிவிடும் என்றார்கள். வீட்டில் எதையும் மறைத்துப் பழக்கமில்லாதவள் அன்று சாயந்திரமே எல்லாரிடமும் சொன்னாள்.

அதுதான் அவள் செய்த தப்பு!

"நல்ல பொம்பளைக்கு இந்த மாதிரி வியாதியெல்லாம் எப்படிடி வரும்?" என்று கேட்டாள் மாமியார். அதோடு விட்டாளா? அக்கம்பக்கத்தில் நாலு பேர் காதில் விழும்படி, "ஆலைக்குப் போறேன்னு எங்கெங்கே போனாளோ!" என்றும் சொல்லி வைத்தாள். வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் கணவனோ வாயே திறக்கவில்லை. ஒரே ஒரு நாள் கேட்டான்: "தெருவுல யாருக்கும் இல்லாதது உனக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?" அன்றிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்தில் படுத்தான்.

அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. பன்னிரண்டு வருஷம்... இந்த வீட்டுக்காகத் தேய்ந்த உடம்பு இது. மாமியாருக்குச் சர்க்கரை முற்றி ஊசி என்று ஆனபோது, பெற்ற மகளே பயந்து ஒதுங்கினாள். காலையும் மாலையும் ஊசி போட்டது இவள்தான், ஆறு வருஷமாக. இப்போது அதற்கும் தடை. பழக்கமில்லாத கையால் நாத்தனார் போடுகிறாள்.

"போட்டு முடிச்சதும் மூடியை மாட்டாதே. அப்படியே டப்பாவுக்குள்ள போட்டுடு. கையில குத்திடும்..." என்று ஒரு நாள் இவள் கதவோரம் நின்று சொன்னாள்.

"உங்க வேலையைப் பாருங்க அண்ணி!"

அவளை உண்மையில் உலுக்கியது வேறு ஒன்று. மாமியாரின் பாதங்கள் வீங்கியிருந்தன. நாலடி நடந்தால் சுவரைப் பிடித்தாள். வயிறு உப்பிக்கொண்டு வந்தது. ஈரல் கெட்டால் இப்படித்தான் ஆகும் என்று குடை நர்ஸ் காட்டிய படம் கண்ணிலேயே நின்றது. அவளே நர்ஸை இரண்டு முறை வீட்டுக்கு அழைத்து வந்தாள். இரண்டு முறையும் மாமியார் கதவைப் படாரென்று சாத்தினாள். கண்ணெதிரே ஒரு உயிர் கரைகிறது, சொன்னால் கேட்க நாதியில்லை! யாரிடம் போய் முட்டிக்கொள்வாள்?

ஞாயிற்றுக்கிழமை காலை கணவன் தலையைக் குனிந்தபடி சொன்னான்.

"உங்க அண்ணனுக்குச் சொல்லிட்டேன். வந்து உன்னைக் கூட்டிட்டுப் போவார்."

அழுது தீர்த்த கண்களில் மிச்சம் எதுவும் இல்லை. அவள் நிமிர்ந்தாள்.

"அண்ணன் எதுக்குங்க? நானே போயிடறேன். இனிமே இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன், போதுமா? ஆனா போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு... நீங்க மூணு பேரும் அந்த ரத்தப் பரிசோதனையைப் பண்ணிக்கணும். அத்தை முதல்ல!"

"எனக்கு எதுக்குடி? நான் என்ன உன்னை மாதிரியா?" மாமியார் சீறினாள்.

"என்ன வேணா சொல்லுங்க அத்தை... வாங்கிக்கறேன். உங்க கால்ல விழறேன். விரலை மட்டும் நீட்டுங்க!" சொன்னபடியே விழுந்துவிட்டாள். வீங்கிய அந்தப் பாதங்களை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பீடை ஒழிஞ்சா சரி. வரச் சொல்லு அவளை" என்றாள் கிழவி, காலை உதறியபடி.

நர்ஸ் வந்தாள். மூன்று விரல்கள், மூன்று சொட்டு ரத்தம், மேஜைமேல் மூன்று சின்னப் பரிசோதனைப் பட்டைகள். இருபது நிமிஷம் காத்திருந்தார்கள்.

கணவனுடையதில் ஒரு கோடு. நாத்தனாருடையதில் ஒரு கோடு. மாமியாருடையதில் இரண்டு.

"அம்மா, உங்க ரத்தத்துல இந்தக் கிருமி பட்ட தடம் இருக்கு" என்றாள் நர்ஸ் மெதுவாக. "இப்பவும் இருக்கான்னு ஆஸ்பத்திரியில பார்த்துடலாம். உங்களுக்கு எப்பவாவது ரத்தம் ஏத்தினாங்களா?"

கிழவி மகளைக் காட்டினாள். "இவ பொறந்தப்போ... உதிரம் நிக்கலை. ரெண்டு பாட்டில் ஏத்தினாங்க. முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு."

"அப்போல்லாம் ஏத்தற ரத்தத்துல இதை இங்கே பரிசோதிக்கறது கிடையாதும்மா. உங்க தப்பு எதுவும் இல்லை." நர்ஸ் சற்றுத் தயங்கினாள். "உங்களுக்குச் சர்க்கரை ஊசி யார் போட்டது?"

எல்லார் கண்ணும் மருமகள் பக்கம் போனது. நர்ஸின் பார்வையும் அவளிடம் திரும்பியது. "உங்க கையில எப்பவாவது ஊசி குத்தியிருக்கா?"

அவள் இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "இல்லீங்க... அப்படி எதுவும் இல்லை."

"குத்தியிருக்கு!" கணவன் எழுந்து நின்றான். "நானே பார்த்திருக்கேன். மூணு தடவை, நாலு தடவை... ரத்தத்தைத் துடைச்சுட்டு, அம்மாகிட்ட சொல்லாதீங்க, வருத்தப்படுவாங்கன்னு சொல்லுவா. இத்தனையும் தெரிஞ்சும் நான்... ஐயோ!"

"இப்படித்தான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது" என்றாள் நர்ஸ். "இப்படி வரலாம். அவ்வளவுதான்."

அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நாத்தனார் மட்டும், தன்னை அறியாமல் குழந்தையைப் பிடித்துக்கொண்டு தாயிடமிருந்து இரண்டடி பின்வாங்கினாள். கிழவி அதைப் பார்த்துவிட்டாள். தான் ஒரு மாதமாகச் செய்தது என்னவென்று அந்த இரண்டடியில்தான் அவளுக்குப் புரிந்தது. நாற்காலியிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

மருமகள் ஓடிப்போய் அவளை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"தொட்டா வராது அத்தை... கூட உக்கார்ந்து சாப்பிட்டா வராது. அழாதீங்க!"

"என்னைத் தள்ளிட்டுப் போயிடுடி... உன்னைப் போய் என்னென்ன சொன்னேன்! இந்த வாய் அழுகிப் போகாதா?"

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். ரெண்டு பேரும் சேர்ந்துதான் மாத்திரை சாப்பிடப் போறோம்."

அவள் கட்டி வைத்திருந்த பெட்டியைக் கணவன் வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "ஊர் பேசினது வலிக்கலைங்க. நீங்க ஒரு வார்த்தை பேசாம இருந்தீங்களே... அதை மறக்க எனக்கு நாளாகும்." அவன் பெட்டியை வைத்துவிட்டு, குழந்தை மாதிரி நின்றான்.

மருமகளுக்கு மூன்று மாதத்தில் கிருமி போயிற்று. மாமியாருக்குக் கூடுதலாக மூன்று மாதம் பிடித்தது, அவளுக்கும் போயிற்று. ஆனால் ஈரலில் விழுந்த வடு ஆறாது, ஆயுசு முழுக்கக் கவனம் வேண்டும் என்றார் டாக்டர்.

அதற்கு அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் குடை நர்ஸ் கூட்டம் போட்டாள். தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. "யார் முதல்ல?" என்றாள். வழக்கம்போல் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசையிலிருந்து மாமியார் எழுந்தாள். மருமகள் கை கொடுக்கப் போக, "விடுடி, நானே போறேன்" என்று ஒவ்வொரு பெஞ்சாகப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

"என் மருமகளைப் பத்தி உங்ககிட்ட என்னென்னவோ சொன்னேன். அத்தனையும் பொய்!" மூச்சு வாங்கியது, நிறுத்தவில்லை. "வியாதி என்கிட்ட இருந்துச்சு. எனக்குச் செஞ்சு செஞ்சுதான் அவளுக்கு வந்திருக்கும். வீட்டை விட்டுத் துரத்தினப்பவும் என் உயிரைக் காப்பாத்தத்தான் கெஞ்சினா. நான் உசுரோட நிக்கறது அவ போட்ட பிச்சை! என்னை மாதிரி முட்டாளா இருக்காதீங்க... எழுந்து வாங்க."

கூடத்தில் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. பிறகு இன்னொன்று. கடைசி வரிசையில் மருமகள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, அத்தனை மாதத்து அழுகையை மொத்தமாக அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அவளைத் தாண்டி, விரலை நீட்ட வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.