கரோலினுக்கு ஒரு கோப்பை பால்

கசார்வாடி ஃபிளாட்டில் ஞாயிற்றுக்கிழமை வெயில் இன்னும் இறங்கவில்லை. கரோலினின் போன் திரையில் மட்டும் இருட்டிவிட்டது. ஜப்பானில், மலையடியில் ஒரு கிராமத்தில், அவள் கணவன் கிரேக் அவர்கள் வாங்கிய பழைய வீட்டின் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

அங்கே ஆளில்லாமல் கிடக்கும் வீடுகளை மலிவாக விற்கிறார்கள், வெளிநாட்டுக்காரர்களும் வாங்கலாம் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். மாலை வகுப்பில் கற்ற ஜப்பானிய மொழியை வைத்துத் தரகரிடம் பேசியதும் அவள்தான். அவர் வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டியபோது, காலியான ஓர் அறையின் வாசலில் மண்டியிட்டு உள்ளே பார்த்து வணங்கினார். உள்ளே யார் என்று கேட்க வாயெடுத்தாள். அவர்கள் வழக்கமாக இருக்கும், கேட்டால் தன் மொழி அரைகுறை என்று தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டாள்.

வேலை பார்க்கும் சாகண் தொழிற்சாலையிலிருந்து பயிற்சிக்காக ஜப்பான் போயிருந்த கிரேக், விடுமுறை நாளில் சாவியை வாங்கிக்கொண்டு வந்திருந்தான்.

"ஒரே ஈர வைக்கோல் வாடை, கரோ."

"பால் காய்ச்சினியா? அம்மா கேட்டுட்டே இருக்காங்க."

"அரே, அதுக்குத்தானே அடுப்பத் தூக்கிட்டு வந்திருக்கேன். மாமியார் ஆர்டர்."

பால் பொங்கியது. ஜெபம் சொல்லி இரண்டு கோப்பைகளில் ஊற்றினான். ஒன்றை அந்தக் காலி அறையின் வாசலில் வைத்தான்.

"இது உனக்கு, கரோ. வா, வந்து குடி."

விளையாட்டாகத்தான் சொன்னான்.

படம் உறைந்தது. மீண்டபோது அந்தக் கோப்பை காலியாக இருந்தது.

"ரெண்டையும் நீயே குடிச்சிட்டியா?"

"நான் என்னோடத இன்னும் தொடவே இல்ல." சட்டென்று அறைப்பக்கம் திரும்பினான். "என்ன?"

அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"யார்கிட்ட பேசற?"

"நீதானே கூப்பிட்ட, உள்ள வான்னு."

தன் குரல்தான் எதிரொலித்திருக்குமோ? ஒரு கணம் தன்னையே சந்தேகித்தாள்.

"நான் கூப்பிடல. கிரேக், வெளிய வா. ப்ளீஸ்."

அவன் திரையை முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு அறையை நோக்கி மெதுவாகச் சொன்னான்:

"போன்ல யாரோ உன்ன மாதிரியே பேசறாங்க, கரோ."

அந்த அறையின் காகிதக் கதவு உள்ளிருந்து நகர்ந்தது.

போனைத் தரையில் வைத்துவிட்டான். விட்டம் மட்டும் தெரிந்தது. பாயின்மேல் காலடிகள்.

இரண்டு பேருடையவை.

இணைப்பு அறுந்தது.

தரகர் எடுக்கவில்லை. அந்த ஊர் போலீசிடம் சொல்லலாம். என்னவென்று சொல்வாள்? என் கணவன் என்னோடு இருக்கிறான், காப்பாற்றுங்கள் என்றா? கீழே கொத்தமல்லிக்காரன் கூவிக்கொண்டு போனான். மறுபடி கிரேக்கை அழைத்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ?"

அவளுடைய குரல். அதே லேசான கரகரப்பு.

"கிரேக்... கிரேக்கிட்ட குடுங்க."

தூரத்தில் அவன் தூக்கக் கலக்கத்தோடு கேட்டான். "யாரு, கரோ?"

"தெரியல. ராங் நம்பர்."